கல்யாணப் படம் போதாது: அமெரிக்காவுக்குள் முறைப்படி வந்ததைக் காட்டுவதில் நேரும் தவறுகள்

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்கள், கல்யாணத்தை நிரூபிப்பதில் குறை வைப்பதே இல்லை. தாலி கட்டும் படம், வரவேற்பு மேடைப் படம், கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஊரிலிருந்து மாமியார் அனுப்பிய வாழ்த்து மடல் என்று அடுக்கி, கோப்பைத் தூக்கவே தனியாக ஆள் வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதே கோப்பில், விண்ணப்பிப்பவர் இந்த நாட்டுக்குள் எந்த வழியாக வந்தார் என்பதற்கு ஒரு தாள்கூட இருக்காது. கேட்டால், ‘விசாவில்தானே வந்தோம், அது அவர்களுக்கே தெரியுமே’ என்பார்கள்.

தெரிந்திருக்கலாம். ஆனால் சட்டம் அந்தப் பொறுப்பை அரசின் தலையில் வைக்கவில்லை. அமெரிக்காவில் இருந்தபடியே ஐ-485 படிவம் போட்டுக் கிரீன் கார்டு பெற வேண்டுமானால், குடியேற்றச் சட்டத்தின் 245(ஏ) பிரிவுப்படி அவர் எல்லையில் அதிகாரியால் பரிசோதிக்கப்பட்டு அனுமதிக்கப்பட்டவராகவோ, பரோலில், அதாவது விசா வழியில் இல்லாமல் தற்காலிகமாகத் தரும் சிறப்பு அனுமதியில், உள்ளே விடப்பட்டவராகவோ இருக்க வேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில், எந்த முறையில் வந்தேன் என்று காட்ட வேண்டியது விண்ணப்பிப்பவரின் கடமை. காட்ட முடியாவிட்டால், கல்யாணம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் ஐ-485 நிற்காது.

வந்த விதமும் தங்கிய காலமும்

நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதிலிருந்து பிறக்கின்றன. குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்குச் சட்டம் ஒரு பெரிய சலுகை தருகிறது. அனுமதிக்கப்பட்ட நாளைத் தாண்டித் தங்கியதும், அனுமதியில்லாமல் வேலை பார்த்ததும் அவர்களுடைய ஐ-485-க்குத் தடையாகக் கொள்ளப்படுவதில்லை. பி-2 சுற்றுலா விசாவில் வந்து, ஆறு மாதம் முடிந்து ஐந்து வருடம் ஆனவர்கூட விண்ணப்பிக்கலாம். ஆனால் எல்லையைச் சோதனைச் சாவடி இல்லாத இடத்தில் கடந்து வந்தவர், இருபது வருடம் ஒழுங்காக வரி கட்டியிருந்தாலும் அந்த வழியில் போக முடியாது. தங்கிய காலத்தை மன்னிக்கும் சட்டம் வந்த விதத்தை மன்னிப்பதில்லை.

இது புரியாததால் இரண்டு பக்கமும் விபத்து நடக்கிறது. விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவர், ‘எல்லாம் போயிற்று, ஊருக்குப் போய்ப் புதிதாக விண்ணப்பிப்போம்’ என்று விமானம் ஏறிவிடுகிறார். 1997 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 180 நாளுக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வெளியேறினால் பத்து வருடமும் திரும்பி வரத் தடை. தடையைத் தூண்டுவது வெளியேறும் செயல்தான். உள்ளேயே இருந்து விண்ணப்பித்திருந்தால் வராத தடையை, நல்ல எண்ணத்தோடு தாமே வரவழைத்துக்கொள்கிறார். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலேயே விலை அதிகமானது இதுதான் என்பது என் கணிப்பு.

மறுபக்கம், எல்லையைக் கடந்து வந்தவர், ‘என் சித்தப்பா மகனும் பத்து வருடம் விசா இல்லாமல்தான் இருந்தான், அவனுக்குக் கிடைத்ததே’ என்று விண்ணப்பிக்கிறார். சித்தப்பா மகன் சிகாகோ விமான நிலையத்தில் முத்திரை வாங்கி வந்தவன் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. முன்பெல்லாம் இப்படி விண்ணப்பித்தால் பெரும்பாலும் பணம் போவதோடு முடிந்தது. 2025 பிப்ரவரி 28 அன்று குடியேற்றச் சேவைத் துறை வெளியிட்ட கொள்கைக் குறிப்புக்குப் பிறகு, விண்ணப்பம் மறுக்கப்பட்டு, சட்டப்படி தங்கும் உரிமையும் இல்லாதவருக்கு நாடுகடத்தல் வழக்குக்கான அழைப்பாணை அனுப்புவதே வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று. இந்தச் சலுகை குடிமக்களின் துணைவர் போன்ற மிக நெருங்கிய உறவினர்களுக்குத்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவரை மணந்தவருக்கு, முறையாக வந்ததோடு, முறையாகத் தங்கியிருப்பதும் வேண்டும். கணவர் குடியுரிமை பெறும்வரை பொறுத்திருப்பதா, உடனே போடுவதா என்ற முடிவு இதைப் பொறுத்தது.

ஐ-94 எங்கே?

விசா என்பது எல்லை அதிகாரியின் முன் வந்து நிற்பதற்கான அனுமதி. அவர் உள்ளே விட்டார் என்பதற்கான பதிவு ஐ-94. பாஸ்போர்ட்டில் பத்து வருட விசா இருப்பதைப் படியெடுத்து அனுப்பிவிட்டு, ஐ-94-ஐ மறந்துவிடுகிறவர்கள் அநேகம்.

2013 வரை விமானத்தில் ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அதிகாரி அதில் முத்திரையிட்டுக் கீழ்ப்பாதியைப் பாஸ்போர்ட்டில் இணைத்துத் தருவார். அந்த வருட வசந்த காலத்தில் விமான, கப்பல் துறைமுகங்களில் இது மின்பதிவாக மாறியது. இப்போது பல விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்துவதில்லை. ஆகவே முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் தமிழர்களுக்கு வேறு எவருக்கும் அதிகம் வராத ஒரு சிக்கல் வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். ‘கார்த்திகேயன் சுப்பிரமணியன்’ முழுவதும் சொந்தப் பெயருக்கான கட்டத்தில் இருக்கும். அமெரிக்க விசாவில் அதை அப்படியே தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. இணையதளத்தில் கார்த்திகேயன் என்பதைச் சொந்தப் பெயராகவும் சுப்பிரமணியன் என்பதைக் குடும்பப் பெயராகவும் பிரித்துத் தேடினால், பதிவு இல்லை என்று திரை சொல்லும். உடனே மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போகிறார்.

விசாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எஃப்என்யு என்ற மூன்று எழுத்துகள் உட்பட, இட்டுத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. அதுவும் இல்லாவிட்டால் இரண்டு பெயரையும் இடம் மாற்றி, இடைவெளி விட்டும் விடாமலும் தேடிப் பார்க்க வேண்டும். உள்ளே வந்தபோது கையில் இருந்த பாஸ்போர்ட்டின் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டின் எண்ணைக் கொடுத்தால் பழைய பதிவு அகப்படாமல் போகலாம். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட் எடுத்த பெண்களுக்கு இந்த இரண்டு தொல்லையும் சேர்ந்தே வரும். ஐ-94 எண்ணைப் படிவத்தில் எழுதும்போது கவனம் தேவை: 2019 முதல் வழங்கப்படும் எண்களில் எழுத்தும் கலந்திருக்கும், பூஜ்யத்தை ‘ஓ’ என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிவு ஒரு பெயரில், பாஸ்போர்ட் இன்னொரு பெயரில், கல்யாணச் சான்றிதழ் மூன்றாவது பெயரில் இருப்பது நம் ஊர்க்காரர்களிடம் சாதாரணம். அதை மறைக்க வேண்டியதில்லை, சரிசெய்யவும் முடியாது. படிவத்தில் வேறு பெயர்களைக் கேட்கும் இடத்தில் எஃப்என்யு வடிவம் உட்பட எல்லாவற்றையும் எழுதி, எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையவை என்று ஒரு பக்கக் கடிதத்தில் விளக்கிவிட்டால் போதும். அப்பா பெயர் எப்படிப் பிள்ளையின் பெயரோடு வந்து ஒட்டிக்கொள்கிறது என்று எந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஐ-94-இல் எல்லை அதிகாரியே விசா வகையையோ தேதியையோ தவறாகப் பதிந்திருந்தால், அதைத் திருத்துவதற்கென்று விமான நிலையங்களில் எல்லைப் பாதுகாப்புத் துறையின் அலுவலகங்கள் உண்டு. அங்கே கட்டணம் இல்லை. இது தெரியாமல், கட்டணம் கட்டி ஐ-102 படிவத்தைக் குடியேற்றச் சேவைத் துறைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ஐ-102 என்பது முக்கியமாகக் காகித ஐ-94-ஐத் தொலைத்தவர்களுக்கானது.

அபுதாபி வழியாக வருகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அங்கே 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே இருந்து சோதனையை முடித்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்து அந்த வழியாக நியூயார்க் வந்தவர் நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணியைப் போல இறங்கி வெளியே போய்விடுவார். முத்திரை இருந்தால் அது அபுதாபியில் குத்தியதாக இருக்கும். ‘அமெரிக்காவில் எந்த அதிகாரியையும் பார்க்கவில்லை’ என்று நேர்காணலில் வெள்ளந்தியாகச் சொல்லி அதிகாரியைத் திகைக்க வைக்க வேண்டாம்.

விசா வகையை மாற்றும்போதும் நீட்டிக்கும்போதும் வரும் ஐ-797ஏ தாளின் அடியில் ஒரு ஐ-94 இருக்கும். எச்-4-இல் வந்து எச்-1பி-க்கு மாறியவர்கள் அதை மட்டும் அனுப்பிவிடுவது வழக்கம். அது தங்கும் உரிமைக்குச் சான்று. எல்லையில் நடந்ததைச் சொல்லாது. விமான நிலையத்து ஐ-94-உம் கூடவே போக வேண்டும்.

பழைய பாஸ்போர்ட் தொலைந்தவர்கள்

ரத்து செய்த பாஸ்போர்ட்டை மூலை வெட்டித் திருப்பிக் கொடுக்கும்போது, இனி இது எதற்கு என்று போட்டுவிடுகிறவர்களுக்காக இந்தப் பகுதி. விசாவும் முத்திரையும் அதில்தான் இருந்தன.

அப்படிப்பட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எல்லைப் பாதுகாப்புத் துறையிடமும் குடியேற்றச் சேவைத் துறையிடமும் தங்களைப் பற்றிய பதிவுகளைக் கேட்பது. ஐ-485 போட்டுவிட்டு, கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்த பிறகு கேட்கலாம் என்று இருப்பது தவறு. அந்தக் கடிதத்துக்குப் பதில் தர அதிகபட்சம் 84 நாள்தான் கொடுப்பார்கள். தகவல் அதற்குள் வரும் என்று உறுதி இல்லை. பதிவுகளை முன்கூட்டியே வாங்குவதில் வேறொரு பயனும் உண்டு: பழைய விசா விண்ணப்பத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள், எல்லையில் என்ன சொன்னீர்கள் என்று அரசிடம் உள்ளவை முதலில் உங்கள் கண்ணில் படும்.

பதிவு கிடைக்காத பழைய பயணங்களுக்குத் துண்டு துண்டான ஆதாரங்கள் கைகொடுக்கும். ஊரில் அப்பாவின் பீரோவில் கிடக்கும் பாஸ்போர்ட் நகல், பயண முகவர் கொடுத்த டிக்கெட், போர்டிங் பாஸ், வந்த வாரத்திலேயே சேர்ந்த கல்லூரியின் கடிதம், இன்னொரு பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்தியக் குடிநுழைவு முத்திரை. இவை எதுவும் தனியாக நின்று வழக்கை வெல்லாது. சேர்ந்தால் கதை நம்பும்படியாகும்.

ஆவணமே இல்லாத நிலையில் பிரமாணப் பத்திரம் தரலாம். விதி கேட்பது, வழக்கில் சம்பந்தப்படாத, நேரடியாக அறிந்த இரண்டு பேராவது. நம்மவர்கள் தருவது என்னவோ கணவரின் பிரமாணப் பத்திரம்: ‘என் மனைவி 2009-இல் முறைப்படி வந்தார்.’ அவர் மனைவியை முதன்முதலில் பார்த்ததே 2018-இல். அதற்கு மதிப்பே இல்லை. அன்றைக்கு நெவார்க் விமான நிலையத்துக்குக் காரோடு போய், பன்னாட்டுப் பயணிகள் வெளிவரும் வாயிலில் நின்று அழைத்துவந்த பெரியப்பாவிடம் வாங்குங்கள். எந்த விமானம், எத்தனை மணி, கூட யார் வந்தார்கள் என்று அவர் கண்ணால் கண்டதை மட்டும் அவர் எழுதட்டும். நல்ல மருமகள், கோவிலுக்குத் தவறாமல் வருவார் என்பதெல்லாம் அதில் வேண்டாம்.

காரில் வந்தவர்கள்

டொராண்டோவிலிருந்து பஃபலோ வழியாகவோ டெட்ராய்ட் வழியாகவோ காரில் வந்து தங்கிவிட்ட கனடியத் தமிழர்கள் தனிவகை. கனடியக் குடிமக்கள் சுற்றிப் பார்க்க வந்தால் விசாவும் இல்லை, தரைவழியில் பெரும்பாலும் ஐ-94-உம் இல்லை, முத்திரையும் இல்லை. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பிவிடுவார்.

அப்படிக் கையசைத்து அனுப்பியதும் சட்டப்படியான அனுமதிதான். குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2010-இல் குயிலன்டன் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. நண்பரின் காரில் பயணியாக வந்த பெண்ணிடம் அதிகாரி எதுவும் கேட்காமல் காரைப் போகவிட்டார்; அதிகாரி முன் தன்னை நிறுத்தி, நடைமுறைப்படி உள்ளே விடப்பட்டால் போதும், கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை என்று வாரியம் சொன்னது. இந்தத் தீர்ப்பை நம்பி, ‘நானும் காரில்தான் வந்தேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு இருக்கக் கூடாது. எந்தப் பாலம், எத்தனை மணி, காரில் யார் யார், அதிகாரி ஆணா பெண்ணா, ஓட்டுநரிடம் என்ன கேட்டார் என்று விரிவாக எழுத வேண்டும். உடன் வந்தவர்கள் தனித்தனியாக எழுத வேண்டும். சுங்கக் கட்டண ரசீதும் அன்றைய கிரெடிட் கார்டு கணக்கும் நல்ல துணை. 2019 முதல் கனடாவை விட்டுத் தரைவழியே வெளியேறும் கனடியக் குடிமக்களின் விவரத்தையும் இரு நாடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் கனடிய எல்லைச் சேவை முகமையிடம் பயண வரலாற்றைக் கேட்டு வாங்கினால், அமெரிக்காவுக்குள் நுழைந்த நேரம் அதில் கனடாவை விட்ட நேரமாகப் பதிந்திருக்கும்.

ஒரே ஒரு பதில் இந்த வழியை அடைத்துவிடும். காரில் வந்தவரிடம் அதிகாரி ‘எல்லாரும் அமெரிக்கக் குடிமக்களா?’ என்று கேட்டு, அவர் ‘ஆம்’ என்றிருந்தால், அவர் வெளிநாட்டவராகப் பரிசோதிக்கப்படவே இல்லை. அனுமதி என்பதே நடக்கவில்லை. 1996 செப்டம்பர் 30 அன்றோ அதற்குப் பிறகோ அப்படிச் சொல்லியிருந்தால் வாழ்நாள் தடையும் உண்டு. கிரீன் கார்டு கேட்பவருக்கு அதற்கு விலக்கும் இல்லை.

ஏஜென்டு பாஸ்போர்ட்

போர்க் காலத்தில் இலங்கையிலிருந்து ஏஜென்டு மூலம் வேறொருவர் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள் இதைப் பற்றிப் பேசவே கூசுவார்கள். வந்து சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை ஏஜென்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார். அப்படி வந்ததும், நடைமுறையளவில் பரிசோதித்து அனுமதிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட வாய்ப்பு உண்டு. ஆனால் பொய் சொல்லி நுழைந்த குற்றம் தனியாக நிற்கும். அதற்கு, குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ ஆன துணைவருக்கோ பெற்றோருக்கோ கடும் இன்னல் நேரும் என்று காட்டி ஐ-601 விலக்கு கேட்கலாம். அந்தப் பாஸ்போர்ட் அமெரிக்கப் பாஸ்போர்ட்டாக இருந்தால் மேலே சொன்ன வாழ்நாள் தடைக்குள் போய்விடும். இங்கே செய்யக் கூடாத தவறு, ‘சொந்தப் பாஸ்போர்ட்டில் வந்தேன், தொலைத்துவிட்டேன்’ என்று புதுக்கதை கட்டுவது. பழைய பொய்க்கு விலக்கு கிடைக்கக்கூடும். நேர்காணல் அறையில் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் புதுப் பொய் அந்த வாய்ப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

எல்லையில் தந்த தாள் எல்லாம் பரோல் அல்ல

மெக்சிகோ எல்லையில் பிடிபட்டு, புகலிடம் கேட்டு, விடுவிக்கப்பட்டவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும். அதை நீட்டி, ‘அரசுதானே என்னை உள்ளே விட்டது’ என்பார்கள். 212(டி)(5) பிரிவின் கீழ் தரப்பட்ட பரோல் மட்டுமே 245(ஏ)-க்குச் செல்லும். ஐ-220ஏ என்ற தாளோடு, சொந்தப் பொறுப்பில் விடுவிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது காவலிலிருந்து விடுதலை. அது பரோல் ஆகாது என்று 2010-இலேயே மேல்முறையீட்டு வாரியம் சொல்லிவிட்டது. தாளின் தலைப்பையும், அதில் குறிப்பிட்டுள்ள சட்டப் பிரிவு எண்ணையும் வக்கீலிடம் காட்டாமல் ஐ-485-க்குப் பணம் கட்டக் கூடாது. 2024 ஏப்ரல் முதல் அதன் கட்டணம் 1,440 டாலர். மறுத்தால் திரும்பி வராது.

புகலிடம் வழங்கப்பட்டதும் அனுமதி ஆகாது. ஆனால் புகலிடம் பெற்றவருக்கு ஒரு வருடம் கழித்து 209 பிரிவின் கீழ் தனி வழி இருக்கிறது. அங்கே முறையான நுழைவு கேட்கப்படுவதில்லை. அந்த வழி திறந்திருக்க, குடிமகனை மணந்த வேகத்தில் 245-இல் போய் முட்டிக்கொள்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. போரோ பேரிடரோ நேர்ந்த நாட்டவருக்குத் தரும் தற்காலிகப் பாதுகாப்புத் தகுதி பெற்றவர்களுக்கும் அந்தத் தகுதியே அனுமதி ஆகாது என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் தீர்ப்பளித்தது. குடிமக்களின் துணைவர்களுக்கு உள்ளேயே பரோல் தரும் திட்டம் 2024 ஆகஸ்ட் 19-இல் தொடங்கியதைக் கேள்விப்பட்டுச் சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள். டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 7 அன்று அதை ரத்து செய்துவிட்டது. அதற்காக இப்போது யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

சான்று இருந்தும் கதவு திறக்காதவர்கள்

தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போய், சி-1/டி விசாவில் மாலுமியாக இறங்கியவர்கள் இதில் சேர்த்தி. முத்திரை, தேதி, துறைமுகம் எல்லாம் சரியாக இருக்கும். மாலுமியாக வந்தவர் குடிமகளை மணந்தாலும் உள்ளேயே கிரீன் கார்டு பெற முடியாது. காலம் கடந்து தங்கியதை மன்னிக்கும் சலுகை இந்தத் தடையைத் தொடுவதில்லை. குடிமக்களை மணக்கப் போகிறவர்களுக்கான கே-1 விசாவில் வந்தவர், மனுப் போட்டவரை விட்டு வேறொருவரை மணந்தாலும் இதே கதைதான். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் வந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் நாடுகடத்தலை எதிர்த்து வழக்காடும் உரிமையைப் பெரும்பாலும் முன்பே விட்டுக்கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். காலம் கடக்கும் முன்பே போடுவது நல்லது.

சான்று இல்லாதவர்களும் மாலுமிகளும் கேட்க மறந்துவிடும் ஒரு கேள்வி உண்டு: 2001 ஏப்ரல் 30-க்குள் உங்களுக்காகவோ, உங்கள் அப்பா அம்மாவுக்காகவோ யாராவது மனுப் போட்டார்களா? அமெரிக்காவில் இருக்கும் மாமா 1999-இல் தன் தங்கைக்குப் போட்டுக் கிடப்பில் போன மனுவாக இருக்கலாம். அந்த மனு போடும்போது முறையானதாகவும், நீங்கள் அப்போது தங்கையின் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளையாகவும் இருந்திருந்தால், 245(ஐ) பிரிவில் 1,000 டாலர் அபராதம் கட்டி, முறையான நுழைவு இல்லாமலே உள்ளேயே கிரீன் கார்டு பெற வழி இருக்கலாம். 1998 ஜனவரி 14-க்குப் பிறகு போட்ட மனுவானால், மனு யாருக்காகப் போடப்பட்டதோ அவர் 2000 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மாமாவிடம் பழைய ரசீதைத் தேடச் சொல்லுங்கள்.

அதுவும் இல்லாவிட்டால் மிஞ்சுவது தூதரக வழி. முதலில் குடும்ப உறவுக்கான ஐ-130 மனுவுக்கு ஒப்புதல், பிறகு அந்தத் தடைக்கு ஐ-601ஏ முன்கூட்டிய விலக்கு, அதன்பிறகுதான் பயணம். வரிசையை மாற்றி, விலக்கு கைக்கு வரும் முன்பே ஊருக்குப் போனவர் பத்து வருடத் தடையோடு அங்கேயே நின்றுவிடுவார். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் சென்னையில் நடப்பதில்லை; மும்பைக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.